நூற்பாலையின் பழைய மோட்பஸ் லைனை ஐ.பி.க்கு மாற்றுவது எப்படி?

கேள்வி: ஐயா, நான் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு நூற்பாலையில் மின் பராமரிப்புப் பிரிவில் உதவிப் பொறியாளராக இருக்கிறேன். வயது 27. எங்கள் மில்லில் 46 எனர்ஜி மீட்டர்கள், எச்-பிளான்ட் (ஈரப்பதம் காக்கும் பிரிவு) மின்விசிறிகளின் வேகத்தை மாற்ற 6 டிரைவ்கள், 2 பி.எல்.சி.கள் (இயந்திரங்களை இயக்கும் சிறு கணினிகள்), ஆக 54 கருவிகள் இரண்டு ஆர்.எஸ்.-485 லூப்களில் (கேபிள் வரிசைகளில்) மோட்பஸ் ஆர்.டி.யு. என்ற முறையில் பேசி ஓடுகின்றன. முதல் லூப்பில் 28, இரண்டாவதில் 26. எல்லாம் பேனல் ரூமில் இருக்கும் ஒரே விண்டோஸ் எக்ஸ்பி கணினியின் ஸ்காடாவுக்கு (கருவிகளைக் கண்காணித்துக் கட்டுப்படுத்தும் மென்பொருளுக்கு) வருகிறது. அந்தக் கணினிக்கு உதிரிபாகம் கிடைப்பதில்லை. வாரத்துக்கு இரண்டு முறையாவது முதல் லூப் விழுந்துவிடுகிறது. எம்.டி. ரிப்போர்ட்டைத் தன் போனில் பார்க்க வேண்டும் என்கிறார். ஒரு வெண்டர், எல்லா மீட்டரையும் எடுத்துவிட்டு ஈதர்நெட் மீட்டர் போட்டு, பொங்கல் விடுமுறை நான்கு நாளில் முழுவதையும் ஐ.பி.க்கு (இன்டர்நெட் பேசும் முறைக்கு) மாற்றித் தருவதாகச் சொல்கிறார். "இன்டர்நெட்டே ஒரே ராத்திரியில்தான் மாறியது சார்" என்று எம்.டி.யிடம் சொல்லியிருக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. படிப்படியாக மாற்ற வழி உண்டா? முதலில் எதைத் தொடுவது?

பதில்: தம்பிக்கு வணக்கம். உங்கள் பயம் நியாயமானது. படிப்படியாக மாற்ற நல்ல வழி இருக்கிறது. இப்போதைக்கு அந்த 54 கருவிகளில் ஒன்றைக்கூடக் கழற்ற வேண்டியதில்லை.

முதலில் அந்த "ஒரே ராத்திரி" கதையைப் பார்த்துவிடுவோம். எம்.டி.யிடம் பேசும்போது உங்களுக்கு அது உதவும். வெண்டர் சொல்வது 1983 ஜனவரி 1-ஆம் தேதியை. இன்டர்நெட்டின் முன்னோடியான அமெரிக்காவின் ஆர்பாநெட், என்.சி.பி. என்ற பழைய புரோட்டோகாலை (கணினிகள் பேசிக்கொள்ளும் விதிமுறையை) விட்டு டி.சி.பி./ஐ.பி.க்கு அன்றுதான் வந்தது. தேதி சரி. ஆனால் அந்த ராத்திரிக்கு முன்னால் ஒரு முழு வருட உழைப்பு இருந்தது. அந்த நெட்வொர்க்கின் விதிமுறை ஆவணங்களைத் தொகுத்துவந்த ஜான் போஸ்டல் 1981 நவம்பரிலேயே மாற்றத்துக்கான திட்டத்தை எழுதி வெளியிட்டுவிட்டார். ஆர்.எஃப்.சி. 801 என்ற அந்த ஆவணத்தை இன்றும் யாரும் எடுத்துப் படிக்கலாம். அதில் அவர் போட்ட ஏற்பாடு இதுதான்: 1982 முழுக்க இரண்டு புரோட்டோகாலும் சேர்ந்தே ஓடும். இரண்டும் தெரிந்த சில கணினிகள் நடுவில் நின்றுகொண்டு, பழையது மட்டும் தெரிந்த கணினிக்கும் புதியது மட்டும் தெரிந்த கணினிக்கும் இடையே அஞ்சலையும் கோப்புகளையும் கைமாற்றிக் கொடுக்கும். 1982-ன் நடுவில் ஒரு நாள் என்.சி.பி.யை வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தார்கள். யார் யார் இன்னும் மாறவில்லை என்பது அன்றைக்குத் தெரிந்துபோனது. அந்த வருடக் கடைசி வாக்கில் இரண்டு நாள் நிறுத்தினார்கள். அப்புறம்தான் ஜனவரி 1. அவ்வளவு செய்தும் சில இடங்கள் மேலும் சில மாதங்கள் தடுமாறின.

நான் வேலைக்கு வந்த புதிதில் அலுவலகங்களில் கோப்புகளைப் பகிர நெட்வேர் சர்வர்கள் இருந்தன. அவை பேசியது ஐ.பி.எக்ஸ். என்ற வேறு புரோட்டோகால். 1998-ல் வந்த நெட்வேர் 5 தான் ஐ.பி.யைத் தன் சொந்த மொழியாகப் பேசத் தொடங்கியது. அப்போதும் நாங்கள் ஒரே நெட்வொர்க் கார்டில் இரண்டையும் ஏற்றி வைத்திருப்போம். மாதம் நான்கைந்து கணினிகளாக மாற்றி, கடைசிக் கணினியும் வந்துவிட்டது என்று உறுதியான பிறகுதான் ஐ.பி.எக்ஸை இறக்குவோம். உங்கள் மில்லிலும் அதே மாதிரி செய்யலாம், மோட்பஸ் அதற்கு இடம் கொடுக்கிறது. எப்படி என்று விளக்குகிறேன்.

உங்கள் கேபிளில் இருப்பது இரண்டு தனித்தனி விஷயங்கள். ஆர்.எஸ்.-485 என்பது கம்பியும் மின்னழுத்தமும். மோட்பஸ் என்பது அந்தக் கம்பியில் பேசும் பேச்சு. 1979-ல் மோடிகான் நிறுவனம் வெளியிட்ட பேச்சு அது, இன்றும் மாறவில்லை. ஐ.பி.க்குப் போகும்போது பேச்சு அப்படியே இருக்கும், போகிற வழிதான் மாறும். 5-ஆம் எண் மீட்டரிடம் 20 ரெஜிஸ்டர்களை (அளவுகள் இருக்கும் எண்ணிட்ட இடங்களை) கேட்கிறீர்கள் என்று வையுங்கள். இன்று உங்கள் கம்பியில் போகிற பைட்டுகள் இவை: 05 03 00 00 00 14, அதன் பின்னால் சி.ஆர்.சி. சரிபார்ப்புக்கு இரண்டு பைட். 05 மீட்டர் எண். 03 என்றால் படி. 00 00 தொடங்கும் இடம். 00 14 என்பது பதினாறடிமானத்தில், நம் கணக்கில் 20. இதையே மோட்பஸ் டி.சி.பி.யில் கேட்டால்: 00 01 00 00 00 06 05 03 00 00 00 14. பின்பாதியைப் பாருங்கள். 05 03 00 00 00 14 ஓர் எழுத்து மாறாமல் அங்கே உட்கார்ந்திருக்கிறது. முன்னால் ஆறு பைட் சேர்ந்தது, பின்னால் சி.ஆர்.சி. போனது. 8 பைட் 12 பைட் ஆனது. அவ்வளவுதான் வித்தியாசம். அதே கடிதத்தை வேறு கவரில் போட்ட மாதிரி.

இந்தக் கவர் மாற்றும் வேலையைச் செய்கிற பெட்டிதான் மோட்பஸ் கேட்வே. ஐ.பி. பக்கம் வரும் கேள்வியில் 05 என்ற எண்ணைப் பார்க்கும். முன்னால் இருப்பதை உரித்துவிட்டு, சி.ஆர்.சி. போட்டு, லூப்பில் அனுப்பும். மீட்டருக்கு எதுவும் மாறியதாகவே தெரியாது.

ஆனால் கேட்வே வாங்குவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் முதல் லூப் வாரத்துக்கு இரண்டு முறை விழுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த மாதிரிக் கோளாறு பெரும்பாலும் புரோட்டோகாலில் இருக்காது, கம்பியில்தான் இருக்கும். அதைச் சரிசெய்யாமல் முன்னால் எவ்வளவு நல்ல பெட்டியை வைத்தாலும் அதே கோளாறு ஐ.பி. வழியாகத் திரைக்கு வரும். அப்புறம் எல்லோரும் புதிய நெட்வொர்க்கைக் குறை சொல்வார்கள்.

ஒரு மல்டிமீட்டர் போதும். ஷட்டவுன் நேரத்தில் அந்த லூப்பில் உள்ள எல்லாக் கருவிகளுக்கும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஏ, பி கம்பிகளுக்கு நடுவே ஓம் அளவு பாருங்கள். லூப்பின் இரண்டு முனைகளிலும் 120 ஓம் டெர்மினேஷன் (முனை ரெசிஸ்டர்) இருக்க வேண்டும், நடுவில் எங்கேயும் இருக்கக் கூடாது. அப்படி இருந்தால் மல்டிமீட்டர் 60-ஐ ஒட்டிக் காட்டும். 120-ஐ ஒட்டி வந்தால் ஒரு முனையில் ரெசிஸ்டர் இல்லை. 40-ஐ ஒட்டி வந்தால் மூன்று இருக்கின்றன, யாரோ நடுவில் ஒரு டிரைவின் டெர்மினேஷன் சுவிட்சை ஆனில் விட்டிருக்கிறார்கள். நான் போன மில்களில் இந்த மூன்றாவது வகையை அடிக்கடி பார்த்திருக்கிறேன். பழுதான டிரைவை மாற்றும்போது, புதியதில் அந்தச் சுவிட்ச் எப்படி வந்ததோ அப்படியே விட்டுவிடுவார்கள்.

அப்புறம் கேபிள் போகும் பாதையை நடந்து பாருங்கள். எச்-பிளான்ட் டிரைவ்களின் பவர் கேபிள் போகிற அதே டிரேயில் இந்தச் சன்னக் கம்பியும் போகிறதா? ஷீல்டு இரண்டு முனையிலும் எர்த் ஆகியிருக்கிறதா? அதை ஒரு முனையில் மட்டும் வையுங்கள். ஒரு மீட்டரிலிருந்து அடுத்த மீட்டருக்கு என்று வரிசையாகப் போகாமல், யாராவது அவசரத்துக்கு நடுவில் ஒரு கிளை இழுத்திருக்கிறார்களா? பார்த்ததை எல்லாம் ஒரு நோட்டில் வரையுங்கள். அதே நோட்டில் 54 கருவிகளின் பட்டியல்: எந்தப் பேனல், என்ன மாடல், எந்த லூப், என்ன எண், வேகம், பாரிட்டி (பிழை பார்க்கும் பிட்), ஸ்காடா அதிலிருந்து எந்தெந்த ரெஜிஸ்டரைப் படிக்கிறது, எதிலாவது எழுதுகிறதா. கடைசிக் கேள்விக்குச் சிவப்பு மை. முழு வேலையிலும் விலை மதிப்புள்ள பொருள் இந்த நோட்டுதான். உங்களைத் தவிர வெளியாள் யாராலும் இதை ஒழுங்காக எழுத முடியாது.

வேகக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலான மில் லூப்கள் செகண்டுக்கு 9600 பிட் வேகத்தில் ஓடுகின்றன. கேள்வி 8 பைட், 20 ரெஜிஸ்டருக்குப் பதில் 45 பைட், ஆக 53. ஒரு பைட்டுக்குக் கம்பியில் 11 பிட். 583 பிட் போக சுமார் 60 மில்லி செகண்ட். மீட்டர் யோசிக்கிற நேரமும் நடுவில் விடுகிற மௌனமும் சேர்த்தால் ஒரு மீட்டருக்கு 100 மில்லி செகண்ட் என்று வைக்கலாம். 28 கருவிக்கு 2.8 செகண்ட். இதில் ஒரே ஒரு மீட்டர் செத்துப்போய், ஸ்காடா அதற்காக ஒரு செகண்ட் வீதம் மூன்று தடவை காத்திருந்தால், சுற்று கிட்டத்தட்ட 6 செகண்ட் ஆகிவிடும். மூன்று மீட்டர் செத்தால் பதினொன்றைத் தாண்டும். "லூப் விழுந்துவிட்டது" என்று ஷிப்ட் எலக்ட்ரீஷியன் சொல்வது சில சமயம் வெறும் இந்தக் காத்திருப்பாகக்கூட இருக்கும்.

சரி, கேட்வேக்கு வருவோம். கடையில் "485 டு ஈதர்நெட்" என்று கேட்டால் இரண்டு வகைப் பெட்டி கிடைக்கும், வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஒன்று, வருகிற பைட்டை அப்படியே எடுத்து அந்தப் பக்கம் தள்ளிவிடும் சாதாரண சீரியல் கன்வர்ட்டர். அதற்கு மோட்பஸ் தெரியாது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேள்வி கேட்டால் இரண்டையும் கலந்து லூப்பில் கொட்டிவிடும். இன்னொன்று உண்மையான மோட்பஸ் கேட்வே. கேள்விகளை வரிசையில் நிறுத்தி, ஒன்றுக்குப் பதில் வந்த பிறகே அடுத்ததை அனுப்பும். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது வகை. லூப்புக்கு ஒன்றாக இரண்டு வாங்குங்கள். இரண்டு லூப்பிலும் 5-ஆம் எண் இருந்தாலும் அப்போது குழப்பம் வராது, கேட்வேயின் ஐ.பி. முகவரி வேறு வேறாக இருக்கும். ஒன்று பழுதானால் மற்ற லூப்பும் தப்பிக்கும்.

ஒவ்வொன்றிலும் இரண்டு சீரியல் போர்ட் இருக்கட்டும். ஒரு போர்ட் லூப்புக்கு. மற்றது பழைய எக்ஸ்பி கணினியின் காம் போர்ட்டுக்கு. சில கேட்வேகளில் ஒரு சீரியல் போர்ட்டை இப்படிப் பழைய மாஸ்டருக்காக (கேள்வி கேட்கும் கணினிக்காக) ஒதுக்கும் வசதி உண்டு. வாங்குவதற்கு முன் இந்த வசதி இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இருந்தால் பழைய ஸ்காடா தன் கேபிளில் கேட்கும், புதிய ஸ்காடா நெட்வொர்க்கில் கேட்கும், லூப்பில் பேசுகிற ஒரே மாஸ்டராகக் கேட்வே இருக்கும். போஸ்டல் நடுவில் நிறுத்திய கணினிகள் செய்த அதே வேலை. இதில் எனக்குப் பெரிய நிம்மதி, எக்ஸ்பி கணினியை நெட்வொர்க்கில் சேர்க்கவே வேண்டாம். 2014 ஏப்ரலோடு அதற்குப் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. அதில் லேன் கேபிளைச் செருக யாரையும் விடாதீர்கள்.

இரண்டு பேர் படிப்பதால் லூப்பின் பாரம் இரட்டிக்கும். பழைய ஸ்காடாவை 15 செகண்டுக்கு ஒரு தடவையும், புதியதை 10 செகண்டுக்கு ஒரு தடவையும் கேட்க வையுங்கள். காத்திருப்பு நேரத்தில் ஒரு விஷயம் கவனம்: கேட்வே மீட்டருக்காகக் காத்திருக்கும் நேரம் குறைவாக, அரை செகண்ட் என்று இருக்கட்டும். ஸ்காடா கேட்வேக்காகக் காத்திருக்கும் நேரம் அதைவிட நிறைய, மூன்று செகண்ட் என்று இருக்கட்டும். அப்போது மீட்டர் செத்திருந்தால் கேட்வேயே பிழை எண் 11-ஐத் திருப்பி அனுப்பும். 11 என்றால் கேட்வே நலம், மீட்டர்தான் பேசவில்லை. எதுவுமே வராவிட்டால் நெட்வொர்க்கிலோ கேட்வேயிலோ கோளாறு. ராத்திரி ஷிப்டில் இருப்பவர் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதை இந்த ஒரு எண் சொல்லிவிடும்.

இப்படி இரண்டும் சேர்ந்து ஒரு முழு மாதம் ஓடட்டும். ஏன் ஒரு மாதம் என்று கேட்பார்கள். அதற்கு என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன்.

பல வருடங்களுக்கு முன் ஒரு நூற்பாலையில் தீபாவளி விடுமுறைக்குள் எல்லாவற்றையும் மாற்றினோம். மூன்று நாளில் வேலை முடிந்தது. இடம் வேண்டும் என்று பழைய கேபிளை வெட்டி எடுக்கச் சொன்னேன். நான்காம் நாள் மில் ஓடத் தொடங்கியது. ஸ்பின்னிங் பிரிவின் ஈரப்பதம் திரையில் 33 என்று காட்டியது. 55-லிருந்து 60-க்குள் இருக்க வேண்டிய இடம். எச்-பிளான்ட் ஆள் பம்பைக் கூட்டினார். திரை நகரவில்லை. இன்னும் கூட்டினார். நூல் நூற்கும் ரிங் ஃப்ரேம்களில் ரோலர் லேப்பிங் ஆரம்பித்தது, பஞ்சு இழை ரோலரில் ஒட்டிச் சுற்றிக்கொண்டே போனது. ஃப்ரேம்களைப் பார்த்துக்கொள்ளும் சைடர் பெண்கள் கொக்கியால் அறுத்து அறுத்து எடுத்துக்கொண்டே இருந்தார்கள். உள்ளே போனால் சட்டை உடம்போடு ஒட்டியது. "காத்து ஈரமா இருக்குங்க" என்று ஒரு வயதான ஜாபர் (மேஸ்திரி) சொன்னார். நாங்கள் திரையை நம்பினோம். இரண்டு ஷிப்ட் போன பிறகுதான் கண்டுபிடித்தோம்: புதிய ஸ்காடா ஒரு ரெஜிஸ்டர் தள்ளிப் படித்துக்கொண்டிருந்தது. 33 என்பது ஈரப்பதம் அல்ல, வெப்பநிலை.

மோட்பஸில் இது மிகச் சாதாரணமாக நடக்கும். கருவியின் புத்தகத்தில் 40001 என்று போட்டிருக்கும் ரெஜிஸ்டர், கம்பியில் 0 என்று போகும். சில மென்பொருள் ஒன்றிலிருந்து எண்ணும், சில பூஜ்யத்திலிருந்து எண்ணும். தசம எண்களில் இன்னொரு ஆபத்து. ஒரு தசம எண்ணுக்கு இரண்டு ரெஜிஸ்டர் வேண்டும், எது முன்னால் என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபாடு. 230 வோல்ட் என்பது 4366, 0000 என்ற இரண்டு ரெஜிஸ்டர்கள். அதை மாற்றிப் படித்தால் திரையில் 0.00 என்று வரும். 231.4 வோல்ட்டை மாற்றிப் படித்தால் 24 இலக்கத்தில் ஓர் எண் வரும். 24 இலக்கத்தை யாரும் பார்த்துவிடுவார்கள். 33 மாதிரி நம்பும்படியான தப்பைத்தான் பிடிக்க முடியாது. அன்றைக்குப் பழைய கணினி பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தால், இரண்டு திரையையும் பார்த்த முதல் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். அந்த இரண்டு ஷிப்ட் நூலும், அந்தப் பெண்கள் பட்ட பாடும் இன்னும் என் மனதில் இருக்கிறது. அதனால்தான் பழைய கேபிளை வெட்டாதீர்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஆகவே அந்த ஒரு மாதத்தில் தினமும் காலை ஷிப்டில், இரண்டு திரையிலும் ஐந்து மீட்டரை எடுத்து ஒப்பிடுங்கள். பத்து நாளில் 46-ம் முடிந்துவிடும், அப்புறம் மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது சாட்சி மீட்டரின் முகப்பிலேயே இருக்கிறது, அதையும் பார்த்து எழுதுங்கள். மாதக் கடைசியில் ஈ.பி. பில்லில் உள்ள யூனிட்டையும் மில்லுக்குள் மின்சாரம் நுழையும் இடத்தில் உள்ள உங்கள் மெயின் இன்கமர் மீட்டரின் புதிய ஸ்காடா கணக்கையும் பக்கத்தில் வையுங்கள். சி.டி. விகிதம் (மின்னோட்டத்தைக் குறைத்து மீட்டருக்குக் கொடுக்கும் டிரான்ஸ்பார்மரின் விகிதம்) தப்பாகப் போட்டிருந்தால் அங்கே தெரியும்.

கணக்கு ஒத்துவந்த பிறகு லூப்களைப் பிரிக்கலாம். ஆர்.எஸ்.-485 குறைந்த வேகத்தில் 1200 மீட்டர் வரை போகும். ஈதர்நெட் செப்புக் கேபிள் 100 மீட்டர்தான். ரிங் ஃப்ரேம் ஷெட்டின் நீளத்தை நினைத்துப் பாருங்கள், அதனால் டிபார்ட்மெண்ட்டுகளுக்கு நடுவே ஃபைபர் போடுங்கள். தூரம் ஒரு காரணம். இடி மின்னல் காலத்தில் ஒரு கட்டடத்தின் எர்த்துக்கும் இன்னொன்றின் எர்த்துக்கும் வருகிற வித்தியாசம் ஃபைபரில் கடக்காது என்பது இன்னொன்று. இன்னும் இரண்டு கேட்வே வாங்கி, பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோரூம்-கார்டிங் பக்கம் ஒன்று, ஸ்பின்னிங் பக்கம் ஒன்று என்று வைத்தால், இரண்டு நீண்ட லூப் நான்கு குட்டி லூப் ஆகும். ஒன்றுக்கு 13, 14 கருவிதான், சுற்று ஒன்றரை செகண்டுக்குள் முடியும். வெட்டிய முனைகளில் புதிய டெர்மினேஷன் போட மறக்காதீர்கள். ஆனால் மீட்டர் எண்களை மாற்றிவிடாதீர்கள், உங்கள் நோட்டு வீணாகிவிடும். பிரித்த பிறகு பழைய கணினியால் எல்லாவற்றையும் பார்க்க முடியாது. அதனால் அதற்கு ஓய்வு கொடுக்க எல்லோரும் சம்மதித்த பிறகே இதைத் தொடுங்கள், அதுவும் ஒரு வாரத்தில் ஒரு லூப் மட்டும்.

சுவிட்சுகள் மின்விசிறி இல்லாதவையாக, 24 வோல்ட்டில் ஓடுபவையாக இருக்கட்டும். விசிறி வைத்த ஆபீஸ் சுவிட்சைக் கார்டிங்கில் வைத்தால் பஞ்சு உள்ளே போய் மெத்தை மாதிரி அடைத்துக்கொள்ளும். முகவரிகள் எல்லாம் நிலையானவையாக, கையால் கொடுத்தவையாக இருக்க வேண்டும்.

சிவப்பு மையில் குறித்தவற்றுக்கு, அதாவது ஸ்காடா எழுதுகிற 6 டிரைவுக்கும் 2 பி.எல்.சி.க்கும், கடைசியில்தான் வர வேண்டும். அதுவரை புதிய ஸ்காடாவில் எழுதும் அனுமதியையே கொடுக்காதீர்கள், படிப்பது மட்டும். வேகத்தை மாற்றும் கட்டளையைப் பழைய கணினியே கொடுக்கட்டும். ஒரு டிரைவுக்கு இரண்டு இடத்திலிருந்து எழுதினால் கடைசியாக எழுதியவர் சொல்தான் நிற்கும், கடைசியாக எழுதியது யார் என்று யாருக்கும் தெரியாது. முறை வரும்போது ஒரே ஒரு விசிறி, பகல் ஷிப்ட், எச்-பிளான்ட் ஆள் பக்கத்தில் நிற்க, பழையதில் எழுதுவதை நிறுத்திவிட்டுப் புதியதில் தொடங்குங்கள். ஒரு வாரம் விட்டு அடுத்தது. நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினால் விசிறி கடைசி வேகத்திலேயே ஓடுகிறதா, நின்றுவிடுகிறதா என்று வேண்டுமென்றே செய்து பாருங்கள். டிரைவில் அதற்குத் தனி அமைப்பு உண்டு. எமர்ஜென்சி ஸ்டாப்பும் இன்டர்லாக்கும் கம்பியிலேயே இருக்க வேண்டும், அவை ஒருபோதும் ஐ.பி.க்கு வரக் கூடாது.

இப்போது எம்.டி.யின் போன். அவர் கேட்பது நியாயம்தான், கொடுக்கவும் முடியும். ஆனால் வெண்டர் "ரவுட்டரில் 502 போர்ட்டைத் திறந்துவிடுகிறேன்" என்று சொன்னால் சம்மதிக்காதீர்கள். மோட்பஸ் டி.சி.பி. ஓடுவது 502-ஆம் போர்ட்டில், அதற்குப் பாஸ்வேர்டே கிடையாது. அங்கே வந்து சேர்கிற யாரும் படிக்கலாம், எழுதவும் எழுதலாம். பாதுகாப்போடு கூடிய புதிய வகை ஒன்றை 2018-ல் வெளியிட்டார்கள், அது 802-ஆம் போர்ட்டில் ஓடும். உங்கள் கையில் இருக்கும் மீட்டர்களுக்கு அது தெரியாது. இத்தனை நாள் உங்களைக் காப்பாற்றியது அந்தக் கேபிள் பேனல் ரூமைத் தாண்டி வெளியே போகாததுதான். ஐ.பி.க்கு வந்ததும் அந்தக் காவல் போய்விடுகிறது, நாம்தான் புதிதாகக் காவல் போட வேண்டும். கருவிகளின் நெட்வொர்க்கை ஆபீஸ் நெட்வொர்க்கிலிருந்து தனி வி-லேனாக (சுவிட்சுக்குள்ளேயே தனியாக ஒதுக்கிய நெட்வொர்க்காக) பிரித்து, நடுவில் ஃபயர்வால் வையுங்கள். ஸ்காடா தன் கணக்கை ஆபீஸ் பக்கம் இருக்கும் ஒரு ரிப்போர்ட் கணினிக்கு அனுப்பட்டும். எம்.டி.யின் போன் வி.பி.என். என்ற பூட்டிய பாதை வழியாக அந்த ரிப்போர்ட் கணினியைப் பார்க்கட்டும். அவருக்கு வேண்டியது கிலோவுக்கு எத்தனை யூனிட் ஆனது என்பது. அதற்கு டிரைவ் வரைக்கும் கதவைத் திறக்க வேண்டியதில்லை.

ஈதர்நெட் மீட்டர் பற்றி வெண்டர் சொன்னதை முழுக்கத் தள்ள வேண்டாம். பழைய மீட்டர் செத்தால், பேனலுக்கு ஒன்று என்று ஈதர்நெட் மீட்டர் வாங்கலாம். சில மாடல்கள் தாமே கேட்வேயாக இருந்து பக்கத்து மீட்டர்களையும் பேச வைக்கும். ஆனால் 12 மீட்டர் உள்ள பேனலில் பன்னிரண்டும் ஈதர்நெட் என்றால் 12 லேன் கேபிள், 12 சுவிட்ச் போர்ட், பழுதாக 12 இடம். பேனல் கதவு வரை ஐ.பி., உள்ளே 485 என்பது இன்னும் பல வருடம் நல்ல ஏற்பாடுதான். செலவைப் பற்றிக் கேட்டால், ஒரு பக்கம் 46 புதிய மீட்டர், மறுபக்கம் நான்கு கேட்வே, சில சுவிட்ச், ஃபைபர் என்று இரண்டு கொட்டேஷனையும் எம்.டி. மேஜையில் வையுங்கள்.

பொங்கல் விடுமுறையை வீணாக்க வேண்டாம். மில் நிற்கிற அந்த நான்கு நாள்தான் மின்சாரத்தை நிறுத்தி ஓம் பார்க்கவும், டெர்மினேஷனைச் சரிசெய்யவும், கம்பியைப் பவர் டிரேயிலிருந்து பிரித்துப் போடவும், ஃபைபர் இழுக்கவும் கிடைக்கிற நேரம். கடைசி நாள் மாலை இரண்டு கேட்வேயையும் பேனல் ரூமில் வைத்து, பழைய ஸ்காடா அதன் வழியாக 54 கருவியையும் படிக்கிறதா என்று பாருங்கள். படிக்கவில்லை என்றால் கம்பியைப் பழையபடி காம் போர்ட்டிலேயே செருகிவிடுங்கள், பத்து நிமிட வேலை. மில் எப்போதும் போல ஓடத் தொடங்கும், நீங்கள் நிதானமாகக் காரணம் தேடலாம்.

இரண்டு லூப்பிலும் வந்த ஓம் அளவையும், நோட்டில் சிவப்பு மையில் எழுதிய பக்கத்தையும் எனக்கு அனுப்புங்கள். எந்த விசிறியை முதலில் மாற்றுவது என்று பார்த்துச் சொல்கிறேன்.